துணிக்கு உடல் கொடுத்தவர்கள்

மடித்து வைத்த சேலையின் அருமை யாருக்கும் தெரியாது. ஒருவர் அதைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். மாடலிங் என்ற தொழில் இந்தச் சின்னத் தேவையிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம். அது மும்பையில் பிறந்து ரயிலேறி நம் பக்கம் வந்தது என்று பலரும் பேசுகிறார்கள். திண்டுக்கல் சீமையில் அதற்குத் தனி வழி இருந்தது, பழைய வழி. பிலிம் காலத்தில் ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்து, டிஜிட்டல் காலத்தில் கேமராவை மகளிடம் ஒப்படைத்தவன் நான். "மாடலிங் பண்ணணும், எங்க போய் யாரைப் பார்க்கணும்?" என்று எங்கள் கடைப் படியேறிக் கேட்கும் பிள்ளைகள் இன்று அதிகம். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான்.

சின்னாளப்பட்டியிலிருந்து தொடங்குகிறேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் போனால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் நெசவூர். ஆர்ட் சில்க் சேலைக்கும் சுங்குடிச் சேலைக்கும் பேர்போன ஊர். சுங்குடி என்பது சௌராஷ்டிரக் குடும்பங்கள் மதுரை வட்டாரத்தில் வளர்த்த கைவேலை. பருத்தித் துணியை நகக்கண்ணால் கிள்ளி, நூலால் இறுக்கிச் சின்னச் சின்ன முடிச்சுகளாகப் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாகப் பூத்திருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் அப்பா அந்தச் சாயப்பட்டறைகளில் வேலை பார்த்தவர். அவர் விரல்களில் எந்த வாரம் எந்த நிறம் ஓடியது என்பதை வைத்தே ஊரில் எந்தச் சேலை விலை போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர் வியாபாரி பட்டறை வீட்டுக்கு வந்தால் திண்ணையில் பாயை விரித்துச் சேலைகளைப் பரப்புவார்கள். அவர் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது மேல போட்டுக் காட்டுங்கம்மா" என்பார். என் பெரியக்கா முன்னால் வந்து நிற்பாள். முந்தானையைத் தோளில் சரியவிட்டு, புள்ளி வரிசை கோணாமல் கொசுவத்தை ஒரு கையால் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கமாக அரைவட்டம் திரும்புவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த நிறம் வெயிலில் நன்றாக எடுக்கும், எந்த நிறம் நிழலில் எடுக்கும் என்று அவளுக்கே தெரியும். சேலை விற்ற பணம் பட்டறைக்காரருக்குப் போகும். அக்காவுக்கு அதில் பங்கு கிடையாது. தீபாவளிக்கு ஒரு சேலை வரும். அவள் செய்தது வேலை என்று அவளுக்கோ எங்களுக்கோ தோன்றவில்லை. நான் அறிந்த முதல் மாடல் அவள்தான்.

அவளுக்கும் முந்தியவர்கள் நாடகக் கம்பெனிப் பையன்கள். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டுமே வைத்து நடத்தப்பட்ட இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள் ரயில் போகும் ஊரெல்லாம் கொட்டகை போட்டன. ஸ்திரீ பார்ட் என்ற பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். அவர்களுக்கு வசனமும் பாட்டும் மட்டுமல்ல, சேலை கட்டவும், கட்டிய சேலையோடு நடக்கவும், உட்காரவும், திரும்பவும் வாத்தியார் பயிற்சி கொடுத்தார். நடை கற்பது என்பதே ஒரு பாடம். ஆறு வயதில் அந்தச் சபாவில் சேர்ந்த தி.க. சண்முகம் பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் 'ஔவை' சண்முகம் ஆனார். சிவாஜி கணேசன் சின்னப் பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தபோது, தனக்கு அப்பா அம்மா இல்லை என்று பொய் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். வேலைக்குள் நுழைய ஒரு குழந்தை பெற்றோரையே இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, அங்கேயே அடி. குரல் உடைகிற வயதில் ஸ்திரீ பார்ட் போய்விடும். பேர் எடுத்தவர்கள் சிலர். குரல் உடைந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

நாடகம் ஒரு பக்கம் இருக்க, ஓவியமும் சிலையும் வேறு வகை மாடல்களைக் கேட்டன. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் ஆளை உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து வரையும் முறை வந்தது. அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த 'உழைப்பாளர் சிலை' 1959 குடியரசு நாளை ஒட்டி மெரினாவில் வைக்கப்பட்டது. நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள். அந்த நால்வருக்கும் உடல் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: ஒருவர் அந்த ஓவியப் பள்ளியின் காவலாளி, இன்னொருவர் அங்கே படித்த மாணவர். தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த மாடல்கள் யார் என்று கேட்டால் என் பதில் அந்த இரண்டு பேர்தான். நாள் தவறாமல் ஆயிரக்கணக்கானோர் அந்த முதுகுகளைப் பார்க்கிறார்கள். அந்த முதுகு யாருடையது என்று கேட்பவர் குறைவு.

நம் தென்பக்கத்தில் இந்த வேலை காலண்டராக வந்தது. 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் நிலைத்தார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகி, தமிழ் வீடுகளின் சுவரில் ஏறினார்கள். திண்டுக்கல்லில் புகையிலைக் கடைக்காரர், பூட்டு வியாபாரி, மளிகைக்காரர் எல்லோரும் தை பிறக்கும் முன்பே தங்கள் பேர் அச்சடித்த காலண்டரை வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அழகான முகம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் காலண்டர்தான். உருண்டை முகம், பெரிய கண், மஞ்சளும் ரோஜாவும் கலந்த மேனி. சாயப்பட்டறை வெயிலில் நின்ற என் அக்காவின் நிறம் அதில் கிடையாது.

பத்திரிகை விளம்பரத்தில் சினிமா முகம் ஏறியது அதே காலத்தில்தான். 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்திய நடிகை. அவருக்குப் பின் பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி என்று நம் நடிகைகள் தமிழ் வார இதழ்களின் பக்கங்களில் சோப்போடு சிரித்தார்கள். அதோடு ஒரு கணக்கு நிலைத்துவிட்டது: முதலில் நடிகை ஆகு, பிறகு விளம்பரம் தானாக வரும். பேரில்லாத முகத்துக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் வேறு கணக்கும் போட்டார்கள். 1957இல் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கிய நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகையோடு இருப்பார். சாப்பிட வந்தவர்கள் கடையின் பேரை விட்டுவிட்டு அந்தத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று கடல் கடந்தும் கிளை விட்டிருக்கும் 'திண்டுக்கல் தலப்பாக்கட்டி' என்ற பேர், கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதரின் தோற்றத்திலிருந்து வந்தது. ஒரு பொருளை நம்ப வைக்க அழகு தேவையில்லை, ஆளின் அடையாளம் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் ஸ்டூடியோவில் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டம். தனி மாவட்டம் ஆனது 1985இல். ஸ்டூடியோவின் பின் சுவரில் ஏரியும் மாடிப்படியும் எழுதிய படுதா தொங்கும். முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்ப்பார். என் வேலை டச்சிங். கழுவிய நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின் குழிகளையும் தழும்புகளையும் மேவுவது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுப்பாக வரும். பெண் பார்க்கும் படலத்துக்குப் படம் எடுக்க வந்தாலும் சரி, சினிமா சான்ஸுக்கு எடுக்க வந்தாலும் சரி, எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "அண்ணே, கொஞ்சம் கலராத் தெரியிற மாதிரி பார்த்துக்கங்க." தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் அத்தனையிலும் அந்தப் பென்சில் ஓடியது.

வாய்ப்புத் தேடுவதற்கு அப்போது இருந்த ஒரே வழி தபால். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று என்று மூன்று படம் எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கம் பேர், வயது, உயரம், முகவரி எழுதி, கோடம்பாக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த பையன், நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறித்த பெண், வேடசந்தூர் மில்லில் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண்ணில் தூக்கத்தோடு வந்தவர் என்று எல்லாரையும் நான் அந்தப் படுதாவின் முன் நிறுத்தியிருக்கிறேன். பெரும்பாலோருக்குப் பதில் வரவில்லை. இருந்தாலும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் முகம் ஏன் எங்கேயும் அச்சாகவில்லை?

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே' எடுத்தபோது, வயலும் புழுதியும் வெயிலில் கறுத்த முகங்களும் திரைக்கு வந்தன. 1983இல் 'மண்வாசனை'க்குக் கதாநாயகன் தேடியபோது, மதுரை மீனாட்சியம்மன் கோயில் அருகே வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியனை அவர் கண்டெடுத்தார். எங்கள் ஸ்டூடியோவில் அதற்குப் பிறகு கூட்டம் கூடியது. சென்னையில் வேறு வாசல் திறந்தது. லயோலா கல்லூரியில் படித்தபடி கைச்செலவுக்காக விளம்பரங்களில் தோன்றிய அரவிந்த்சாமியை மணிரத்னம் விளம்பரம் வழியாகத்தான் பார்த்து, 1991இல் 'தளபதி'யில் அறிமுகம் செய்தார். 1999இல் 'மிஸ் சென்னை' பட்டம் வாங்கிய த்ரிஷா பிறகு நாயகி ஆனார். 2018இல் திருச்சிப் பெண் அனுக்ரீத்தி வாஸ் 'மிஸ் இந்தியா' ஆனபோது, அடுத்த ஊரான எங்கள் ஊரில் பல வீடுகளில் பெண் பிள்ளைகளின் பேச்சே மாறியது. வளையல் கடை, கல்லூரி, அழகுப் போட்டி என்று வாசல்கள் வேறு வேறு. ஆனால் ஒவ்வொருவரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஓர் ஆள் இருந்தார். உறைக்குள் போட்டு அனுப்பிய படத்தை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

தொலைக்காட்சி வந்தபின் ஜவுளிக்கடைகள் இந்தத் தொழிலைப் பெருக்கின. சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தபின் எங்கள் சமவெளிக்கும் தெளிவான படம் கிடைத்தது. 1993இல் சன் டிவி வந்ததும் ஆடி, தீபாவளி, முகூர்த்த மாதம் என்று விளம்பரம் பருவம் பருவமாக வந்தது. திருப்பூரிலிருந்து ராம்ராஜ் வேட்டியை விளம்பரப் பொருளாக்கி, வெள்ளை வேட்டி கட்டி நடக்கும் ஆண்களை வீட்டுக்குள் கொண்டு வந்தது. பட்டுச்சேலை விளம்பரங்களில் முன்னால் நடிகை நிற்பார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் பேரில்லாமல் நிற்பார்கள். அந்தப் பின்வரிசைதான் தொழிலின் உண்மையான உடம்பு. அதன் பிறகு முதலாளிகளே விளம்பரத்துக்கு வந்தார்கள். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார், லலிதா ஜுவல்லரி கிரண்குமார், சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் ஆகியோரைத் தமிழ்நாடு பார்த்துப் பழகியது. தலைப்பாகை நாயுடு அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிய வழி அது. கடைக்காரரின் முகம் சொந்த முகம். அதில் நம்பிக்கை இருக்கிறது.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முடியாது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, வெளுத்தால்தான் வேலையும் கல்யாணமும் என்று பல பத்தாண்டுகள் நம் காதில் ஓதியது. கறுப்பானவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் விதி கொண்டு வந்தது. 2020இல் அந்தக் களிம்பே பேரை மாற்றிக்கொண்டது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் பட்டது 2017இல் சென்னையில் நடந்த வேலை. நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் பரத்வாஜ் சுந்தரும் கறுத்த மேனியுடைய மாடல்களை லட்சுமியாகவும் சரஸ்வதியாகவும் முருகனாகவும் அலங்கரித்துப் படமெடுத்தார்கள். காலண்டர் பார்த்து வளர்ந்த என் கண் அந்தப் படங்களில் நீண்ட நேரம் நின்றது. என் பென்சில் மேவிய அத்தனை முகங்களும் மேவாமலேயே தெய்வமாக நிற்கத் தகுந்தவை. அதைச் சொல்ல எங்கள் தொழிலுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இன்றைக்கு வருவோம். சின்னாளப்பட்டிச் சேலை இப்போது திண்ணையில் விற்பதைவிடக் கைப்பேசியில் அதிகம் விற்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் படம் வேண்டும், சிறு வீடியோ வேண்டும். கல்யாண மேக்கப் செய்பவர்களுக்கு மணப்பெண்ணாக உட்கார ஆள் வேண்டும். நகைக்கடை, பள்ளிக்கூட பேனர், பேருந்து நிலையப் பலகை என்று திண்டுக்கல்லுக்குள்ளேயே வேலை இருக்கிறது. என் மகள் இந்தப் படங்களைத்தான் எடுக்கிறாள். புதிதாக வருபவர்களிடம் அவள் முதலில் கேட்பது, மேக்கப் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், சாதாரண உடையில் எடுத்த படங்கள்: முகம், பக்கவாட்டு, முழு உயரம், சிரித்தது, சிரிக்காதது. கூடவே உண்மையான உயரமும் அளவும். நாங்கள் அன்று தபாலில் அனுப்பிய மூன்று படங்களும் இதில் இருக்கின்றன. பென்சில் மட்டும் இல்லை. பிறகு அவள் பார்ப்பது சேலையோடு நிற்கும் பழக்கம். பத்துச் சேலையை ஒரு காலைப் பொழுதில் மாற்றிக் கட்டி, பத்தாவதையும் முதல் சேலை போலவே நிமிர்ந்து காட்டத் தெரிந்தவர்களை அடுத்த வேலைக்கும் கூப்பிடுகிறாள். அந்தப் பெண்களைப் பார்க்கும்போது, பெரியக்காவுக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு பெரிய வித்தை என்று எனக்குப் புரிகிறது.

ஏமாற்றும் இந்த வாசலில்தான் நிற்கிறது. எங்கள் கடைக்கு வந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஆல்பம் கட்டணம் என்று அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். ஒரு வேலையும் வரவில்லை. அந்தத் தொலைபேசியும் பிறகு எடுக்கப்படவில்லை. நேர்மையான ஏஜென்சி மாடலின் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுத்துக்கொள்ளும். வேலை கொடுப்பதற்கு முன் மாடலிடம் பணம் கேட்காது. இதை வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். 'கொலாப்' என்ற பேரில் சம்பளமில்லாமல் ஒரு முறை படம் எடுத்துக்கொள்வது கற்றுக்கொள்பவருக்குப் பயன்படலாம். ஆனால் அந்தப் படத்தை வைத்து ஒருவர் சேலை விற்கிறார் என்றால் அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. படம் எந்தப் பலகையில், எத்தனை மாதம், எந்த ஊர்வரை போகும் என்று எழுதி வாங்க வேண்டும். ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு நின்றவரின் முகம் வருஷக்கணக்கில் நெடுஞ்சாலைப் பலகையில் வெயில் காய்வதை நான் பார்த்திருக்கிறேன்; அந்தக் கூடுதல் காலத்துக்கு அவருக்கு எதுவும் வரவில்லை. முதல் முறை சந்திக்கும் இடத்துக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் வேலையே வேண்டாம்.

குழந்தைகளுக்குச் சட்டமே துணைக்கு வந்திருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தையை விளம்பரத்திலோ படத்திலோ நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை விடாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தையின் பேரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட விளம்பரம், துணிக்கடை விளம்பரம் என்று பிள்ளையைக் கேமரா முன் நிறுத்தும் ஒவ்வொரு பெற்றோரும் இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஸ்திரீ பார்ட் பையன், ஓவியப் பள்ளிக் காவலாளி, திண்ணையில் நின்ற பெரியக்கா, பட்டு விளம்பரத்தின் பின்வரிசைப் பெண் என்று இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் அனைவரிடமும் திறமை இருந்தது. கூலியும் பேரும்தான் அவர்களிடம் வந்து சேரவில்லை. ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரின் துணியை உடுத்தி நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வேலையை உள்ளூரில், நேரில் தெரிந்தவரிடம் செய்யுங்கள். சின்னாளப்பட்டிச் சேலைக்காக நின்றாலும் சரி, சென்னையின் பெரிய கடைக்காக நின்றாலும் சரி, நிற்பதற்கு முன் கூலியைப் பேசுங்கள், தாளில் எழுதி வாங்குங்கள், படத்தோடு உங்கள் பேரையும் போடச் சொல்லுங்கள். நெய்தவர், சாயமிட்டவர், படமெடுத்தவர் எல்லோருக்கும் சேலை விலையில் பங்கு இருக்கும்போது, அதை உடுத்திக் காட்டியவருக்கும் பங்கு உண்டு. அதைக் கேட்டு வாங்கும் முதல் தலைமுறையாக நீங்கள் இருங்கள்.